இரண்டு கோடு விரால்

பேராசிரியர் பீமாராவின் அறையில் அன்று காலை இருந்தவர்கள்: மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் பீமாராவ். அவருக்கு நேர் எதிரே, மின்விசிறிக்குக் கீழே, பெங்களூரிலிருந்து வந்திருந்த டாக்டர் ஹரிஷ்குமார். ஜன்னலோர ஸ்டூலில் ஆய்வக உதவியாளர் சுடலை. கதவை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில், எந்த நொடியும் எழுந்து ஓடத் தயாராக இருப்பவள்போல, ஆராய்ச்சி மாணவி தமிழ்வாணி. மேசையின் நடுவில் ஒரு தெர்மாகோல் பெட்டி. பெட்டிக்குள் ஒரு விரால் மீன்.

இத்தனை பேரில் நிம்மதியாக இருந்தது அந்த மீன் ஒன்றுதான்.

யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை ஹரிஷ்குமார் தன் தாளில் எழுதி முடித்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தார். அவர் அப்படிப்பட்டவர். மகால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்து, பெங்களூரில் பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பவர். எழுத்தில் இல்லாதது எதுவும் உலகத்தில் நடக்கவில்லை என்பது அவர் கொள்கை.

"இதான் அந்தக் கொட்டாம்பட்டி மீனா?"

"ஆமா சார்," என்றாள் தமிழ்வாணி.

அது கொட்டாம்பட்டி மீன் இல்லை என்பது அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

தமிழ்வாணிக்குச் சொந்த ஊர் கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில். கோடையில் ஊர்க் கண்மாய் வற்றி வெடித்துக் கிடக்கும். சேற்றைத் தோண்டினால் உள்ளே விரால் உயிரோடு நெளியும். "தண்ணியே இல்லாம எப்பிடிப்பா கெடக்கு?" என்று சின்ன வயதில் அப்பாவைக் கேட்டாள். அவர் வரப்பில் உட்கார்ந்தபடியே, "அது அப்பிடித்தான்த்தா" என்று சொல்லிவிட்டார். அந்தப் பதில் போதாமல்தான் அவள் எம்.எஸ்சி. முடித்து, பிஎச்.டி.யில் நான்கு வருடம் ஓட்டியிருந்தாள்.

அவள் கண்டுபிடித்தது இதுதான்: தசைக்குள் மூச்சைச் சேர்த்து வைக்கும் ஒரு புரதத்தின் ஜீனில், அந்தக் கண்மாய் விராலுக்கு மட்டும் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. வைகை விராலில் இல்லை. சோழவந்தான் வாய்க்கால் விராலில் இல்லை. சோதனையும் எளிதுதான். ஜீன் துண்டை எடுத்து, கத்திரிக்கோல் மாதிரி வெட்டும் ஒரு நொதியில் போட வேண்டும். மற்ற விராலில் வெட்டு விழாது. ஜெல்லில் ஒரு கோடு தெரியும். கண்மாய் விராலில் வெட்டு விழுந்து இரண்டு கோடு தெரியும். வற்றிப் போகிற ஒரு கண்மாய், தன் மீனைத் தனக்கேற்ற மாதிரி மாற்றி எடுத்துக்கொண்டிருக்கிறது. "எனது ஆய்வுப் பின்னணியும் ஆர்வமும்" என்று தலைப்பிட்டு இதையெல்லாம் எழுதி, பெங்களூர் நிலையத்தின் உதவித்தொகைக்கு அனுப்பியிருந்தாள்.

கிடைத்தால் மூன்று வருடம் அங்கே ஆராய்ச்சி. கிடைக்காவிட்டால் வருகிற திங்கட்கிழமையிலிருந்து மேலூரில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ உயிரியல். அந்தப் பள்ளியில் சேலைக்கு நிறம்கூடச் சொல்லிவிட்டார்கள்.

சுடலை அந்தக் கண்மாயிலிருந்து கொண்டு வந்தது மொத்தம் மூன்று மீன். இரண்டு, சோதனைக்கென்று அரைத்துத் தீர்ந்துவிட்டது. அடுத்த வருடமே கண்மாயைத் தூர் வாரிவிட்டார்கள். மிச்சமிருந்த ஒற்றை மீன்தான் சாட்சி. ஹரிஷ்குமார் அந்த மீனைத்தான் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அவர் வருவதற்கு முந்தைய நாள் பார்த்து ஆய்வகத்து டீப் ஃப்ரீசர் நின்றுபோனது.

தமிழ்வாணி மீனைப் பாலிதீன் கவரோடு ஐஸில் வைத்து, தான் தங்கியிருந்த அத்தை வீட்டு ஃப்ரிட்ஜுக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். கவரின் கழுத்தில் அவள் கையெழுத்தில் ஓர் அட்டை நூலில் கட்டியிருந்தது.

"அத்தை, இது காலேஜ் மீனு. தொட்டுறாதீங்க. நாளைக்குக் கொண்டு போகணும்."

"வச்சுட்டுப் போடி. நான் என்ன பூனையா?" என்றாள் சின்னத்தாய் அத்தை.

தமிழ்வாணி மறுபடி ஆய்வகம் போய், மறுநாளுக்கு வேண்டிய கரைசல்களைத் தயார் செய்துவிட்டுத் திரும்பியபோது, தெருமுனையிலேயே மீன் குழம்பு வாசம் வந்தது. மாடிப்படிக்கு அருகே கொடியில், மாமாவின் பனியனுக்கும் அத்தையின் உள்பாவாடைக்கும் நடுவில், கழுவிக் கவிழ்த்த ஒரு பாலிதீன் கவர் கிளிப் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. கழுத்தில் அட்டை. அட்டையில் அவள் கையெழுத்து. அத்தை எந்தக் கவரையும் குப்பையில் போட மாட்டாள். கழுவிக் காயப்போட்டு மறுபடி எடுத்துக்கொள்வாள்.

தமிழ்வாணி உள்ளே போனாள். மலையாண்டி மாமா கப்பலூர்க் கம்பெனி சட்டையைக்கூடக் கழற்றாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தை... இது விராலா?"

"ஆமாடி. ஒனக்குப் புடிக்குமேன்னு புளி தூக்கலா வச்சிருக்கேன். கைய கழுவிட்டு உக்காரு."

நான்கு வருடம் சோறு போட்டவளிடம் என்ன கேட்பது? தலைத் துண்டை எடுத்து அத்தை அவள் தட்டில்தான் போட்டாள். தமிழ்வாணி தன் நான்கு வருட ஆராய்ச்சியைக் கண் கலங்கத் தின்றாள்.

"காரமாடி?"

"கொஞ்சம்."

விடிந்தும் விடியாமலும் அவள் கரிமேடு மார்க்கெட்டில் நின்றாள். தொட்டியில் புரண்டுகொண்டிருந்த விராலில், நீளத்தில் அண்ணன் தம்பி என்று சொல்லத்தக்க ஒன்றைக் காட்டினாள்.

"வெட்டி, உரசித் தரவாக்கா?"

"வேணாம். முழுசா வேணும்."

"விருந்தாளியா?"

"ஆமா," என்றாள். அதில் பொய் இல்லை.

வீட்டுக்கு வந்து, கொடியிலிருந்த கவரை எடுத்து, மீனை உள்ளே போட்டு, அட்டையோடு தெர்மாகோல் பெட்டியில் ஐஸில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். குளித்து, சேலை கட்டி, அறிக்கையை ஒருமுறை படித்துவிட்டு வந்தபோது, பெட்டிக்குப் பக்கத்தில் அத்தை டிபன் கேரியரையும் எடுத்து வைத்திருந்தாள்.

"மீன் வறுவல் வச்சிருக்கேன். பெரிய ஆளு வாராருன்னியே, அவருக்கும் குடு. நெறையா இருக்கு."

நேற்றைய மிச்சம் என்று தமிழ்வாணிக்குப் புரிந்தது. சாட்சி ஒரு கையிலும் கள்ளச் சாட்சி ஒரு கையிலுமாக அவள் பஸ் ஏறினாள்.

அவள் போட்ட கணக்கு ஒன்றுதான். பெரியவர் மீனைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், எழுதிக்கொள்வார், போவார்.

"தொறங்க," என்றார் ஹரிஷ்குமார்.

சுடலை மூடியைத் தூக்கினார். ஹரிஷ்குமார் அட்டையைப் படித்தார். கையுறை மாட்டி மீனைத் தட்டிப் பார்த்தார். டக் டக்கென்று சத்தம் வந்தது.

"நல்லா உறைஞ்சிருக்கு. முறையா வச்சிருக்கீங்க."

தமிழ்வாணி மனதுக்குள் ஐஸ் கடைக்காரருக்கு நன்றி சொன்னாள். மீன் மட்டும் கரிமேட்டில் பார்த்ததைவிடக் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. பயத்தில் எல்லாமே சின்னதாகத்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"சரி. வாலுக்கிட்ட ஒரு துண்டு வெட்டிக்கிறேன்," என்றார் ஹரிஷ்குமார்.

"எதுக்கு சார்?"

"சோதனைக்கு. பார்த்துட்டுப் போறதுக்கா இம்புட்டு தூரம் வந்தேன்? இன்னைக்கே நானே ஓட்டிப் பார்க்கிறேன். ரெண்டு கோடு வருதான்னு தெரிஞ்சுட்டுப் போறேன்."

பீமாராவின் முகம் மலர்ந்தது. "தாராளமா சார்! வாணி, மெஷின ஆன் பண்ணும்மா."

தமிழ்வாணி மெஷின் பக்கம் போகாமல் மீனைப் பார்த்தாள். கரிமேட்டு விராலில் ஒரு கோடுதான் வரும். ஒரு கோடு வந்தால், பொய் சொன்னவள் என்று அந்தத் தாளில் ஏறும். அப்புறம் மேலூர்ப் பள்ளிகூடச் சேர்க்காது.

"சார், நீங்க எதுக்கு சிரமப்படணும்? ஃப்ரீசர் ரிப்பேருக்கு முன்னாடியே எடுத்து வச்ச டி.என்.ஏ. இருக்கு. அதை வச்சு நானே..."

"அது நீங்க எடுத்தது. இது நான் எடுக்கிறது."

"அப்ப டியூப்ல ஊத்துறதாவது நான்..."

"உங்க கை இதுல படக் கூடாதும்மா. உக்காருங்க."

பழைய டி.என்.ஏ. இருந்த டியூபை அவள் சேலை மடிப்பில் வைத்திருந்தாள். நேரம் பார்த்து மாற்றிவிடலாம் என்று அந்தக் கணத்தில் தோன்றியதை, பின்னால் எத்தனை முறை நினைத்தாலும் அவளுக்குக் கூசும். ஆனால் மாற்ற வழியே இல்லை. ஹரிஷ்குமார் தன் டியூபைத் தானே கலக்கினார், ஜீன் துண்டைப் பெருக்கும் மெஷினில் தானே வைத்தார், மெஷினுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அடைகாக்கிற கோழிகூட அப்படி உட்காராது.

கரண்டாவது போகாதா என்று வாணி விளக்கைப் பார்த்தாள். வாரத்தில் நாலு நாள் வேண்டாத நேரத்தில் போகிற கரண்ட், அன்று சாமி மாதிரி நின்று எரிந்தது.

அவள் போன் அதிர்ந்தது. சின்னத்தாய் அத்தை. எடுக்காமல் அழைப்பை வெட்டிவிட்டாள்.

மதியம் ஆனது. ஹரிஷ்குமார் எழுந்திருக்க மறுத்தார்.

"கேன்டீன் வரைக்கும் போயிட்டு வந்துரலாம் சார்," என்றார் பீமாராவ்.

"மெஷின விட்டு நகர மாட்டேன். சாப்பாடு இல்லாட்டியும் பரவால்ல."

"தங்கச்சிதான் கேரியர் கொண்டு வந்திருக்கே! இந்தப் பக்கத்து ரூம்ல கதவத் தொறந்து வச்சு உக்காந்தா மெஷினும் கண்ணுல தெரியும்," என்று சுடலை எழுந்தார். வேறு எந்த வேலைக்கும் அவர் அத்தனை வேகமாக எழுந்து தமிழ்வாணி பார்த்ததில்லை.

கேரியரைத் திறந்தார்கள். மிளகாய்ப் பொடி முறுகி, கறிவேப்பிலை ஒட்டி, வட்ட வட்டமாக வறுவல். ஹரிஷ்குமார் ஒரு துண்டை எடுத்தார். சாட்சியைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து வந்தவர், சாட்சியை முள் எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அடடா," என்றார். அன்று முழுவதும் அவர் எழுதாமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "என்ன மீனும்மா இது?"

"வி... விரால் சார்."

"இதுவும் விராலா! ஆராய்ச்சியிலயும் விராலு, சோத்துலயும் விராலா?" பீமாராவ் விழுந்து விழுந்து சிரித்தார். "நீயும் சாப்பிடும்மா."

"வேணாம் சார். நேத்தே நெறையச் சாப்ட்டேன்."

ஹரிஷ்குமார் மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டினார். போன் மறுபடி அதிர்ந்தது. அத்தை. வெட்டினாள்.

நொதியில் போட்டு, ஜெல்லில் ஓட்டி முடிக்கச் சாயந்திரம் நெருங்கிவிட்டது. இருட்டறைக்குள் நான்கு பேரும் நெருக்கியடித்து நின்றார்கள். ஹரிஷ்குமார் புற ஊதா விளக்கைப் போட்டார்.

தமிழ்வாணி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கோடு. என்ன சொல்வது? அத்தை மேல் பழி போடக்கூடாது. தானே தின்றுவிட்டதாகச் சொல்லிவிடலாம். அதுவும் முழுப் பொய் இல்லை.

"ரெண்டு," என்றார் ஹரிஷ்குமார்.

அவள் கண்ணைத் திறந்தாள். கறுத்த கட்டத்துக்குள், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, இரண்டு கோடுகள் பளிச்சென்று நின்றன.

"தெளிவா ரெண்டு! வாழ்த்துக்கள்," என்று ஹரிஷ்குமார் கை நீட்டினார். பீமாராவ் கை தட்டினார். சுடலை விசிலே அடித்துவிட்டார். தமிழ்வாணி மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு கோடு வந்திருந்தால் மானம்தான் போயிருக்கும். இரண்டு கோடு வந்ததில் ஆராய்ச்சியே போய்விட்டது. இன்று காலை கரிமேட்டில் வாங்கிய மீனுக்குக் கண்மாய் மீனின் எழுத்து எப்படி வரும்? ஒரே வழிதான் அவளுக்குத் தோன்றியது. முதலில் வந்த மூன்று மீனும் கண்மாய் மீனே இல்லை. அதுவும் கரிமேட்டு மீன்தான். எங்கோ ஒரு பண்ணையில் வளர்ந்து லாரியில் வந்த மீனை வைத்துக்கொண்டு, தன் ஊர்க் கண்மாயின் பெருமையை அவள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள்.

சுடலையை அவள் வராந்தாவில் மடக்கினாள்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. அந்த மூணு மீனையும் நீங்கதான் கண்மாய்ல புடிச்சீங்களா?"

சுடலையின் முகம் சட்டென்று வாடியது. "அதுக்கென்ன தங்கச்சி இப்ப? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுச்சுல்ல?"

"நீங்கதான் புடிச்சீங்களா, இல்லையா?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "சாருட்ட சொல்லிராத. வேலைக்கு வேட்டு வச்சிருவாரு. நான் புடிக்கல. அது வந்து என்னன்னா..."

மீதியைக் கேட்க அவள் நிற்கவில்லை.

ஹரிஷ்குமார் ஏர்போர்ட்டுக்குக் காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம். அந்த மீனப் பத்தி ஒரு விஷயம்..."

"எதுவா இருந்தாலும் எழுத்துல போடுங்கம்மா. வாயால சொன்னா நான் கணக்குல சேர்க்க மாட்டேன். உங்க கடைசி அறிக்கைக்கு இன்னைக்குத் தேதியில தபால் முத்திரை விழுந்தாத்தான் செல்லும், ஞாபகம் இருக்குல்ல? வறுவல் பிரமாதம்னு வீட்ல சொல்லுங்க."

கார் போய்விட்டது.

இன்னொரு கரிமேட்டு மீனை வாங்கிச் சோதித்துப் பார்க்கலாம். அதற்கு ஒரு நாள் வேண்டும். தபால் கட்டுவதற்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. பேசாமல் இருந்தும் விடலாம். இரண்டு கோட்டை ஹரிஷ்குமாரே பார்த்துவிட்டார். யாரும் கேட்கப் போவதில்லை. பெங்களூர், மூன்று வருடம், தனி மேசை.

நூலகத்தில் போய் உட்கார்ந்தாள். "எனது ஆய்வுப் பின்னணியும் ஆர்வமும்" என்ற தலைப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, வேறொரு தாளை எடுத்து எழுதினாள்.

"ஐயா, இன்று நீங்கள் சோதித்த மீன் கண்மாய் மீன் அன்று. இன்று காலை கரிமேடு மார்க்கெட்டில் நான் வாங்கிய மீன். அதிலும் இரண்டு கோடு வந்ததால், நான் கண்டதாகச் சொன்ன மாற்றம் எங்கள் கண்மாய்க்கு உரியதன்று என்று அறிகிறேன். என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன். என் பேராசிரியருக்கு இதில் எதுவும் தெரியாது. வறுவல் பற்றிய தங்கள் பாராட்டுக்கு நன்றி."

கடைசி வரி தேவையா என்று யோசித்தாள். அது ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வளாகத்துத் தபால் நிலையத்தில் கதவைப் பாதி சாத்தியிருந்தார்கள்.

"ஓடியா, ஓடியா, வண்டி வந்துருச்சு," என்றார் கவுன்ட்டரில் இருந்த ராமமூர்த்தி.

உறையின் ஓரத்தில் பசை தடவினாள். போன் அதிர்ந்தது. அத்தை. வெட்டினாள். விரலால் ஓரத்தை அழுத்தித் தேய்த்தாள்.

"ஒட்டிருச்சா?"

"ஒட்டிருச்சு சார்."

"ரொம்ப முக்கியமானதா?"

"ஆமா சார்."

அவர் அன்றைய தேதியைப் படாரென்று குத்தி உறையைச் சாக்கில் போட்டார். சாக்கின் கழுத்தைக் கட்டினார்கள். சிவப்பு வேன் அதை வாங்கிக்கொண்டு நகர்ந்தது. தமிழ்வாணிக்கு இரண்டு நாளில் முதல்முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது. மேலூர் ஒன்றும் மோசமான ஊர் இல்லை.

"தங்கச்சி! தங்கச்சி!" சுடலை கையில் டிபன் கேரியரோடு மூச்சு வாங்க ஓடி வந்தார். "கேரியர விட்டுட்டு வந்துட்டியே. முழுசாக் கேக்காமப் போயிட்ட. நான் கண்மாய்ல எறங்கலதான். சேத்துக்குள்ள பாம்பு கெடக்கும்னு பயந்து, உங்க ஊரு பேயாண்டிய எறக்கிவிட்டுப் புடிச்சேன். நான் கரையில நின்னு டீ குடிச்சேன். எறங்கிப் புடிச்சது நான்தான்னு சாருட்ட பெருமை அடிச்சுட்டேன். அம்புட்டுத்தான். இதப் போயிச் சொல்லிராத."

"பேயாண்டி அண்ணனா? நம்ம கண்மாய்லயா?"

"பின்ன? என் கண்ணு முன்னால."

"அப்ப கரிமேட்டு மீனுக்கு எப்பிடி ரெண்டு கோடு..."

வேன் வாசல் திரும்பி மறைந்தது. போன் அதிர்ந்தது. இந்த முறை எடுத்தாள்.

"ஏண்டி, காலையிலருந்து அடிக்கிறேன், கட் பண்ணி கட் பண்ணி விடுற?" என்றாள் சின்னத்தாய் அத்தை. "வறுவல் எப்பிடி இருந்துச்சுன்னு கேக்கத்தானே கூப்பிட்டேன். பெரியவரு சாப்ட்டாரா?"

"சாப்ட்டாரு அத்தை." தமிழ்வாணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "அத்தை, அது நேத்துக் கொழம்பு வச்ச மீனோட மிச்சந்தானே?"

"அடி போடி இவளே! கொழம்பு வச்சது ஒங்க மாமா வாங்கியாந்த மீனு. காலையில வறுத்தது, பெரியவருக்குன்னு நீ வாங்கியாந்து பொட்டியில வச்சிருந்த புது மீனு. ஒன் காலேஜ் மீனு, கவரு ஒழுகுதுன்னு தூக்குச் சட்டியில போட்டு ஃப்ரீசருக்குள்ள கட்டையா வெறச்சுக் கெடந்துச்சு. மறந்துட்டுப் போயிருவியேன்னு நான்தான் அதப் பொட்டியில மாத்தி வச்சேன். பத்திரமாக் கொண்டுபோயிச் சேத்துட்டியா?"